செதிலுக்கு வந்த பழி

பூனாகலையில் வறண்ட குளிர்காற்று வீசும் நாட்களில் சில பிள்ளைகளின் கை கால் தோல் மீன் செதில் போல வெடித்து உதிரும். லயத்தில் நாம் உடனே அதற்கு "குஷ்டம்" என்று பெயர் வைத்துவிடுகிறோம். அதோடு அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதல்ல. பழைய கிரேக்கத்தில் "லெபிஸ்" என்றால் செதில். செதில் உதிரும் தோல் வருத்தங்களைத்தான் அந்த வைத்தியர்கள் "லெப்ரா" என்றார்கள். தொழுநோய்க்கு அவர்களிடம் வேறு பெயர் இருந்தது. அரபு வைத்தியர்கள் தொழுநோயை "ஜுதாம்" என்று தெளிவாகவே எழுதினார்கள். 11ஆம் நூற்றாண்டில் வட ஆபிரிக்காவிலிருந்து இத்தாலிக்குப் போன கொன்ஸ்டன்டைன் அரபு நூல்களை லத்தீனில் பெயர்த்தபோது, ஜுதாம் "லெப்ரா" ஆகிவிட்டது. செதில் நோய்க்காரருக்கும் தொழுநோயாளருக்கும் ஒரே பெயர்! 1841இல் வியன்னாவின் ஹெப்ரா, சொரியாசிஸ் வேறு தொழுநோய் வேறு என்று பிரித்துக் காட்டினார். 1873இல் நோர்வேயின் ஹேன்சன் தொழுநோய்க் கிருமியையே கண்டார்.

நம் நாட்டில் ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தளையில் தொழுநோய் ஆஸ்பத்திரி கட்டினார்கள். 1901இல் ஆங்கிலேயர் நோயாளரைப் பிரித்து அடைத்துவைக்கச் சட்டமே போட்டார்கள். மட்டக்களப்பு வாவியின் மாந்தீவு அந்தக் காலத்தின் மிச்சம். தொழுநோய்க்கே இப்போது முழுமையாகக் குணமாக்கும் மாத்திரை உண்டு. அந்தப் பழைய பயம்தான் போகவில்லை.

பிள்ளைகளிடம் நாம் பார்ப்பது பெரும்பாலும் வேறு. பிறப்பிலேயே மரபணு வழி வரும் "இக்தியோசிஸ்", அதாவது மீன் செதில் நோய், அவற்றில் ஒன்று. அதில் லேசான வகைதான் அதிகம். ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம் தோலில் குறைவதே அதற்குக் காரணம் என்று 2006இல் கண்டுபிடித்தார்கள். உடம்பு முழுக்கத் தடித்த செதில் மூடும் வகைகள் அபூர்வம். அவற்றில் சில, சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் கொஞ்சம் கூடுதலாக வரும். நம்மவர் இதைக் கேட்க விரும்புவதில்லை, ஆனால் உண்மை. தொட்டால் எந்த வகையும் ஒட்டாது.

முற்றாக மாறாது, ஆனால் அடக்கி வைக்கலாம். கொதிக்கும் சுடுதண்ணீரும் காரமான சவர்க்காரமும் வேண்டாம். குளித்துத் துடைத்த ஈரம் காயுமுன் வஸ்லினோ வைத்தியர் தரும் யூரியா கிரீமோ பூச வேண்டும், அதுவும் தினமும். செதிலைப் பிய்க்கக் கூடாது. கடும் வகையில் வியர்வை சரியாக வராது, ஆகவே வெயிலில் விளையாட்டுப் பாடத்தின்போது அந்தப் பிள்ளையை நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். உணர்ச்சியற்ற வெளிறிய தழும்பு என்றால் கதை வேறு. எதுவானாலும் பதுளை ஆஸ்பத்திரியில் தோல் வைத்தியரிடம் காட்டிவிட்டு, அவர் சொல்லும் பெயரைச் சொல்வோம்.