ஆண் எதற்கு? நத்தையும் ஆன்டெகைனஸும்

ஓர் இனம் தழைக்க ஆண் வேண்டுமா? நியூசிலாந்துச் சேற்று நத்தையும் ஆஸ்திரேலியாவின் பழுப்பு ஆன்டெகைனஸும் இதற்குத் தரும் விடைகள் எதிரெதிரானவை.

ஆன்டெகைனஸ், பார்க்கச் சுண்டெலி போலிருக்கும். ஆனால் பூச்சி தின்னும் பையுடைப் பாலூட்டி, கங்காருவுக்குத் தூரத்து உறவு. இதன் ஆண்கள் முதல் பிறந்தநாளைக் காண்பதில்லை. குளிர்காலக் கடைசியில் இரண்டு மூன்று வாரம் இணைசேரும் காலம். ஒரே கலவி பல மணி நேரம் நீளும். உடலில் கார்டிசால் என்னும் அழுத்த ஹார்மோன் அளவின்றி ஏறுகிறது. நோய் எதிர்ப்பாற்றல் குலைகிறது. வயிற்றில் புண், தோலில் முடியுதிர்வு. குட்டிகள் பிறக்கும்போது அவை வாழும் காட்டில் வளர்ந்த ஆண் ஒன்றுகூட இருக்காது. குட்டிகளுக்கு இரை மிச்சம் வைக்கவே தந்தையர் சாகிறார்கள் என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். அது உருக்கமான விளக்கம்தான். ஆனால் 2013இல் டயானா ஃபிஷர் குழுவினர் காட்டிய காரணம் வேறு. பூச்சிகள் ஆண்டுக்கொரு முறை பெருகுகின்றன. குட்டிகள் பால்குடி மறக்கும் நாள் அந்தப் பருவத்தோடு பொருந்த, பெண்கள் எல்லாம் ஒரே சமயத்தில் இணைசேர்கின்றன. ஒரு பெண் பல ஆண்களோடு சேர்வதால் போட்டி விந்தணுக்களுக்கிடையே நடக்கிறது. இருக்கும் வலுவையெல்லாம் ஆண் அதிலேயே கொட்டிவிடுகிறது.

நத்தைக்கு இந்தச் செலவே கிடையாது. அரிசியளவேயான பெண், ஆண் துணையின்றித் தன் நகல்களை ஈனும். அமெரிக்காவின் ஸ்நேக் ஆற்றில் 1987இல் இந்த நத்தை கண்டறியப்பட்டது. அங்கே பரவியிருப்பவை ஏறத்தாழ எல்லாம் பெண்கள். மீன்பிடிப்போர் காலணியில் ஒட்டிக்கொண்டு போகும் ஒரு நத்தையே புது ஆற்றை நிரப்பப் போதும்.

அப்படியானால் ஆண் வீணா? சொந்த ஊரான நியூசிலாந்து ஏரிகளில் இதே நத்தைக்கு ஆண்களும் உண்டு. அங்கே தட்டைப்புழு ஒட்டுண்ணிகள் நத்தையை மலடாக்குகின்றன. ஒரே அச்சில் வார்த்த நகல்கள் பெருகப் பெருக, புழு அவற்றுக்குப் பழகிவிடுகிறது. புழு முதிர்வது வாத்தின் உடலில் என்பதால், வாத்துகள் மேயும் ஆழமற்ற கரையோரம் அது மிகுதி. ஆண் துணையோடு பெருகும் நத்தைகளும் அங்கேதான் மிகுதி என்று கர்டிஸ் லைவ்லி கண்டார். அயல்நாட்டில் நத்தை தன்னந்தனியாகச் செழிப்பதற்கு, அந்தப் புழு கூடவே வராததும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

ஆன்டெகைனஸ் பக்கமும் ஆண் வீணில்லை என்றே கணக்கு வருகிறது. 2006இல் வெளியான ஆய்வில், மூன்று ஆண்களோடு சேர்ந்த பெண்ணின் குட்டிகள், ஒரே ஆணோடு சேர்ந்த பெண்ணின் குட்டிகளைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு மிகுதியாகப் பிழைத்தன.