தக்கை விளையாட்டில் தொடங்கிய சங்கம்

1867 நவம்பரில் இங்கிலாந்திலிருந்து நியூயார்க் வந்து இறங்கினார் சார்லஸ் விவியன். இருபதுகளில் இருந்த நகைச்சுவைப் பாடகர். சில நாட்களிலேயே பிராட்வேயில் பாட மேடை கிடைத்தது. ரிச்சர்ட் ஸ்டெர்லி என்ற பியானோக் கலைஞரின் நட்பும், அவர் தங்கியிருந்த எல்ம் தெரு விடுதியில் இடமும் கிடைத்தன.

வாரம் முழுக்க ஆடிப்பாடிய கலைஞர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் மதுக்கடைகளை மூடச் சொல்லி 1866-இல் சட்டம் வந்திருந்தது. ஆகவே அவர்கள் விடுதி அறையிலேயே கூடினார்கள். பாட்டு, பியானோ, பீர் என்று பொழுது போனது. விவியன் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு விளையாட்டும் சேர்ந்துகொண்டது. எல்லோரும் ஆளுக்கொரு பாட்டில் தக்கையை மேசைமேல் வைப்பார்கள். ஒருவர் எண்ணி முடித்ததும் தக்கையை எடுக்க வேண்டும். கடைசியாக எடுப்பவர் எல்லோருக்கும் மது வாங்கித்தர வேண்டும். விவரம் தெரியாமல் புதிதாக வந்தவர் பாய்ந்து எடுப்பார். மற்றவர்கள் கை நீட்டுவதுபோல் பாவனை காட்டிவிட்டு எடுக்காமலே இருந்துவிடுவார்கள். எடுத்தவர் அவர் ஒருவரே. ஆகவே கடைசியாக எடுத்தவரும் அவரே. ஏமாந்தவர் அடுத்த வாரம் இன்னொரு புதியவரை அழைத்துவருவார். இப்படிப் பெருகிய கூட்டம் தன்னை ‘ஜாலி கார்க்ஸ்’ என்று அழைத்துக்கொண்டது. விடுதிக்கு இந்த இரைச்சல் தாங்கவில்லை. ஜாகை டெலன்சி தெருவுக்கு மாறியது.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்தில், அவர்களில் ஒருவரான டெட் க்வின் இறந்துபோனார். இந்தக் கதையில் எல்லாவற்றையும் மாற்றியது அந்தச் சாவுதான் என்று நான் கருதுகிறேன்.

மேடைக் கலைஞருக்கு அன்றைய அமெரிக்காவில் கைதட்டல் கிடைத்தது, மரியாதை கிடைக்கவில்லை. வேலை நிரந்தரமில்லை, சேமிப்பு இல்லை, ஊர் ஊராகப் பயணம். செத்தால் யார் தூக்குவது என்பது நிஜமான கவலை. 1870-இல் ஜார்ஜ் ஹாலண்ட் என்ற மூத்த நடிகர் இறந்தபோது, அவருடைய நண்பரும் புகழ்பெற்ற நடிகருமான ஜோசப் ஜெஃபர்சன் இறுதிச் சடங்கு செய்யக் கேட்டு ஒரு தேவாலயத்துக்குப் போனார். இறந்தவர் நடிகர் என்று தெரிந்ததும் பாதிரியார் மறுத்துவிட்டார். தெருமுனையில் ஒரு சின்னத் தேவாலயம் இருக்கிறது, அங்கே செய்வார்கள் என்று கைகாட்டினார். இருபத்தொன்பதாம் தெருவிலுள்ள அந்தத் தேவாலயத்தில்தான் சடங்கு நடந்தது. இன்றைக்கும் அதற்கு ‘தெருமுனைச் சின்னத் தேவாலயம்’ என்றே பெயர். நடிகர்கள் இன்றும் அதைத் தங்கள் தேவாலயமாக நினைக்கிறார்கள். க்வின்னை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய தோழர்களின் மனநிலையை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். குடித்துச் சிரித்தால் மட்டும் போதாது, இறந்தவர் குடும்பத்துக்கும் நோயில் விழுந்தவருக்கும் கைகொடுக்க ஓர் அமைப்பு வேண்டும் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள்.

1868 பிப்ரவரி 16 அன்று கூடினார்கள். பெயரில் சிக்கல் வந்தது. இங்கிலாந்தில் ‘பஃபலோஸ்’ என்ற பெயரில் இதே மாதிரி ஒரு சகோதர சங்கம் இருந்தது. விவியன் தரப்பு அந்த எருமையையே கேட்டது. மற்றவர்களுக்கு அமெரிக்க மண்ணின் விலங்கு வேண்டும். எல்க் என்ற பெரிய மானைச் சொன்னார்கள்: வேகமாக ஓடும், செவி கூர்மையானது, வலியச் சண்டைக்குப் போகாது, கூட்டத்துக்கு ஆபத்தென்றால் எதிர்த்து நிற்கும். வாக்கெடுப்பில் எட்டுக்கு ஏழு. ஒரே ஒரு வாக்கில் மான் வென்றது. ‘எல்க்ஸ் கருணை மற்றும் பாதுகாப்புச் சங்கம்’ பிறந்தது.

சடங்குகளில் பலவும் இரவல்தான். ஃப்ரீமேசன்கள் என்ற சகோதர சங்கத்தாரிடமிருந்து இடுப்பில் கட்டும் ஏப்ரன், ரகசியச் சொல், கைகுலுக்கும் முறை என்று வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றியும் போட்டார்கள். ஏப்ரன் 1895-இல் போனது. ரகசியச் சொல் 1899-இல் போனது. கைகுலுக்கும் முறை 1904-இல் போனது. விடாமல் பிடித்துக்கொண்டது ஒன்று: இரவு பதினோரு மணிக்கு வேலையை நிறுத்திவிட்டு, அங்கே இல்லாத உறுப்பினர்களை நினைத்துக் கோப்பை உயர்த்துவது. இறந்தவர்களும் அந்த ‘இல்லாதவர்’களில் அடக்கம். ரகசியங்கள் உதிர்ந்தும் இது நிலைத்ததில் எனக்கு வியப்பில்லை. க்வின்னின் சாவில் பிறந்த சங்கத்துக்கு உயிர்நாடியே அதுதான்.

விவியன் தான் தொடங்கியதை அனுபவிக்கவில்லை. கலைஞர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே மூண்ட கட்சிச் சண்டையில் முதல் ஆண்டிலேயே வெளியேற்றப்பட்டார். ஊர் ஊராக நாடகம் போட்டுத் திரிந்தவர், 1880-இல் கொலராடோவின் சுரங்க நகரமான லெட்வில்லில் நிமோனியாவில் இறந்தார். 1889-இல் பாஸ்டன் எல்க்ஸ் அவர் உடலைத் தோண்டியெடுத்து, தங்கள் மயானத்தில் மரியாதையோடு மீண்டும் அடக்கம் செய்தார்கள்.

இந்த இரக்கத்துக்கும் எல்லை இருந்தது. உறுப்பினராக வெள்ளையராய் இருக்க வேண்டும். நோயும் சாவும் கடனும் கறுப்பினத்தாருக்கும் உண்டு. சொல்லப்போனால், காப்பீட்டு நிறுவனங்களும் மருத்துவமனைகளும் அவர்களைத் தள்ளிவைத்த காலத்தில் அவர்களுக்குத்தான் இப்படியொரு சங்கம் அதிகம் தேவைப்பட்டது. சின்சினாட்டியில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஹவர்டும், புல்மன் ரயில் பெட்டிகளில் பணியாளராக இருந்த ஆர்தர் ரிக்ஸும் சேர்ந்து தனி எல்க்ஸ் சங்கத்தைத் தொடங்கினார்கள். எல்க்ஸ் சடங்கு நூலின் பிரதியொன்று ரிக்ஸ் கைக்குக் கிடைத்தது. அதற்கு யாரும் பதிப்புரிமை வாங்கியிருக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்தார். 1898-இல் தானே விண்ணப்பித்து வாங்கிவிட்டார்! அடிமைத்தனத்தில் பிறந்த ஒருவர் சட்டத்தை இப்படி ஆயுதமாக்கியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. வெள்ளையர் சங்கம் சும்மா இருக்கவில்லை. 1912-இல் நியூயார்க் உயர்மட்ட நீதிமன்றம், கறுப்பினச் சங்கம் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பிறகும் அந்தச் சங்கம் அழியாமல் வளர்ந்தது. 1922 முதல் முப்பது ஆண்டுகள் தலைமை வகித்த ஜே. ஃபின்லி வில்சன் காலத்தில் அது கறுப்பின அமெரிக்கர்களின் பெரிய அமைப்புகளில் ஒன்றானது.

நோய்க்கும் அடக்கத்துக்கும் உதவுவதோடு அவர்கள் நிற்கவில்லை. பள்ளி மாணவர்களுக்கு அமெரிக்க அரசியல் சாசனத்தைப் பற்றிப் பேச்சுப்போட்டி வைத்தார்கள். 1944 ஏப்ரலில் ஜார்ஜியா மாநிலத்தின் டப்ளின் நகரில் அவர்கள் நடத்திய போட்டியில், அட்லாண்டாவிலிருந்து ஆசிரியையோடு வந்திருந்த பதினைந்து வயது மாணவர் ஒருவர் பேசி வென்றார். ஊர் திரும்பும் பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விடச் சொல்லி ஓட்டுநர் திட்டினார். அட்லாண்டா வரை நின்றுகொண்டே பயணம். வாழ்நாளில் அவ்வளவு கோபம் தனக்கு வந்ததில்லை என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அவர் மார்ட்டின் லூதர் கிங்.

பழைய சங்கம் நிறத் தடையை 1973-இல்தான் நீக்கியது. பெண்களை 1995-இல் சேர்த்துக்கொண்டது. ரிக்ஸும் ஹவர்டும் தொடங்கிய சங்கம் அதில் போய்க் கலந்துவிடவில்லை. தன் சொந்தக் கிளைகளோடும், 1902-இல் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் எம்மா கெல்லி தொடங்கிய பெண்கள் பிரிவோடும், அது இன்றும் தனியாகவே நடந்துவருகிறது.