பெருங்கணனியின் அச்சுத்தாளும் எமது எழுத்தும்

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மொத்த வியாபார நிலையங்கள் சிலவற்றில், இரு ஓரங்களிலும் துளையிட்ட தொடர்தாளிலே பற்றுச்சீட்டு அச்சிடப்படுதலை இன்றும் காணலாம். அத்துளைகள், தாளைப் பற்றி இழுக்கும் பற்சக்கரங்களின் பொருட்டு ஏற்பட்டவை. பெருங்கணனிக் காலத்தில் தாளையும் பக்கத்தையும் ஆள மேற்கொள்ளப்பட்ட ஏற்பாடுகளின் எச்சம் அது. அவ்வேற்பாடுகளிடையே எமது எழுத்துக்கு நேர்ந்தது யாது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

1959இல் ஐ.பி.எம். நிறுவனம் 1401 கணனியோடு அறிமுகஞ்செய்த 1403 அச்சுப்பொறி, வரிக்கு 132 எழுத்துவரை, நிமிடத்துக்கு 600 வரி அச்சிட்டது. வரியை அறிந்த அப்பொறி பக்கம் என்ற ஒன்றை அறியாது. அதற்குத் தாள் முடிவற்றதொரு நாடாவே. 11 அங்குலத் தாளில், அங்குலத்துக்கு 6 வரியாக, 66 வரிகள் அடங்கும். கணக்குத் தவறின் எழுத்து மடிப்பின்மீதே விழும்.

ஆகவே பக்கத்தின் அளவைப் பொறிக்குப் புறத்தே குறித்துவைக்க வேண்டியதாயிற்று. பக்கத்தின் நீளத்துக்கு இசைய ஒரு சிறு நாடாவை வெட்டி, துளையிட்டு, முனைகளை ஒட்டி வளையமாக்கி அச்சுப்பொறியில் மாட்டினர். அதில் 12 தடங்கள் இருந்தன. முதலாந் தடத்துத் துளை பக்கத்தின் தலைப்பைக் குறித்தது. 12ஆம் தடத்தது அடியை. துளையிடாத தடமொன்றை நிரல் கேட்டுவிட்டால் தாள் நிற்க இடமின்றி ஓடிக்கொண்டேயிருக்கும். ஒரு துளை மறந்தமைக்கு ஒரு பெட்டித் தாள் தண்டம்!

நிரல் எழுதுவோர் நாடாவுக்கு ஆணையிட்டது ஒவ்வொரு வரியின் முதலெழுத்தால். வெற்றிடமாயின் அடுத்த வரி. 0 ஆயின் ஒரு வரி விட்டு அச்சிடல். 1 ஆயின் புதிய பக்கம். கூட்டற்குறியாயின் முன்னைய வரியின் மேலேயே அச்சிடல். ஜெர்மனியின் உதவியோடு 1973இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370/155 கணனியில் போர்ட்ரான் பயின்ற மாணவரும் இவ்விதியைக் கற்கவேண்டியிருந்தது. முதலிடத்தை வெறுமையாக விட மறந்து 125 என்ற விடையை அச்சிட்டால், 1 ஆணையாகக் கொள்ளப்பட்டுத் தாள் புதிய பக்கத்துக்குத் தாவ, அங்கே 25 மட்டும் நிற்கும். போர்ட்ரான் தர நியமத்திலிருந்து இவ்விதி 2003ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே நீக்கப்பட்டது.

இனி எழுத்துக்கு வருவோம். 1403இன் அச்சுச் சங்கிலியில் 240 இடங்கள். அவற்றில் 48 குறிகள் ஐந்துமுறை திரும்பத் திரும்ப அமைந்தன. தமிழின் 247 எழுத்துக்களை ஒவ்வொன்றாக வைப்பினும் இடம் போதாது. கால், கொம்பு முதலியவற்றைப் பிரித்து அமைக்கலாமாதலின் வேண்டிய வடிவங்கள் குறைவு என்பது மெய்யே. ஆயினும் வடிவங்கள் பெருகப் பெருக வேகம் வீழும். வேகமே அப்பொறியின் பெருமை.

எனவே தமிழுக்குக் கிடைத்த இடம் படிவம் மட்டுமே. அச்சகத்தில் முன்னரே தமிழில் அச்சிட்ட கட்டங்களைப் பொறி உரோம எழுத்தால் நிரப்பும். தாள் ஒரு வரி நழுவினால் பெயர் முகவரிக் கட்டத்தில் ஏறிவிடும். மும்மொழிப் படிவத்தில் தம் பெயர் ஆங்கில எழுத்தில் நிற்கக் கண்டு பழகியோர் இந்நாட்டிற் பலர். முள்ளியவளை, புளியங்குளம், கிளிநொச்சி என வன்னியின் ஊர்ப்பெயர்களில் ளகரம் மிகுதி. உரோம எழுத்திலோ லகரமும் ளகரமும் ஒன்றே. 'ஊர்' என்ற தலைப்புப் பிழையறத் தமிழில் இருக்க, ஊரின் பெயரே திரிந்து நின்றது.

பின்னர் மாற்றங்கள் விரைந்தன. 1970இல் வெளிவந்த 3211 அச்சுப்பொறியில் நாடாவின் பணியைக் கணனி நினைவகம் ஏற்றது. 1975இல் அறிவிக்கப்பட்ட 3800, லேசர் ஒளியால் எழுத்தைப் புள்ளிகளாக வரைந்தது; படிவக் கோடுகளையும் உடன் பதித்தது. 1980களில் பக்க வரையறை வேறு, படிவ வரையறை வேறு என வகுத்தனர். வரிகள் பக்கத்தில் எங்கு அமையும் என்பதை முன்னது கூற, எத்தட்டிலுள்ள தாள், ஒருபுறமா இருபுறமா என்பவற்றைப் பின்னது கூறிற்று.

சங்கிலி ஒழிந்தமையால் தமிழுக்கிருந்த இயந்திரத் தடை நீங்கிற்று. 1991இல் யூனிக்கோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழும் இடம்பெற்றது. ஆயினும் அச்சுப்பொறி, பதிவில் உள்ளதையே அச்சிடும். உரோம எழுத்தில் முன்னர் பதிந்துவைத்த பெயர்களைத் தமிழுக்கு மீட்கையில் எது லகரம், எது ளகரம் என்பதைப் பொறி கூறாது. அவ்வூரை அறிந்த ஒருவர் பட்டியலுக்கு முன் அமர்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தல் வேண்டும்.