சுகமும் ஆதாரமும்

1881ஆம் ஆண்டில் இலங்கையில் நிகழ்ந்த இரு காரியங்களை நாம் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கொழும்பு றோயல் கல்லூரியில் அவ்வாண்டு மாணவர் படையணி தோன்றிற்று. இன்றைய தேசிய மாணவர் படையணி தன் பிறப்பை அந்நாளிலிருந்தே எண்ணுகிறது. அதே ஆண்டில், தீவின் தலைமை மருத்துவ அதிகாரியான கின்சி, 'பறங்கி' நோய் பற்றிய தம் அறிக்கையை அரசாங்கத்துக்கு அளித்தார். முன்னது நகரத்துச் சீமான் வீட்டுப் பிள்ளைகளை நிமிர்ந்து நிற்கப் பழக்கியது. பின்னது, வன்னியிலும் நுவரகலாவியாவிலும் குடியானவரைப் புண்ணாக்கி மூட்டை முடக்கிப்போட்ட நோயைப் பற்றியது. நம் பாடசாலைகளில் சுகாதாரம் என்னும் சொல் எப்பொருளில் வழங்குகிறது என்று அறிய விரும்புவோர், இவ்விரண்டில் எது வகுப்பறைக்குள் நுழைந்தது என்று கேட்டாற் போதும்.

உடைந்த குளங்களும் கெட்ட நீரும் போதாத உணவுமே பறங்கிக்குக் காரணம் என்று அக்கால அதிகாரிகள் பலர் கருதினர். குளத்தைத் திருத்தினால் நோய் குறையும் என்பது நீர்ப்பாசன வேலைகளுக்கு ஆதரவாகக் காட்டப்பட்ட நியாயங்களுள் ஒன்று. வெள்ளையர் அரசு கருணையினால் குளங்கட்டியது என்று நாம் சொல்ல வரவில்லை. 1892 வரை அது நெல்வரி வாங்கிக்கொண்டிருந்த அரசு. 1905இல் கஸ்ரெலானி என்னும் இத்தாலிய மருத்துவர் கொழும்பில் இந்நோயின் கிருமியைக் கண்டார். நீரால் வருவதன்று, தோலோடு தோல் படுவதால் தொற்றுவது என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆயினும் நெருக்கமும் வறுமையும் குடிகொண்ட இடத்தையே அக்கிருமி நாடுகிறது. பழைய அதிகாரிகள் காரணத்திற் தவறினார்களேயன்றித் திசையிற் தவறவில்லை.

இனி, பாடசாலைத் திடலுக்கு வருவோம். தேகாப்பியாசத்தின் வேர் படைமுகாமில் இருக்கிறது. 1899 முதல் 1902 வரை நடந்த போவர் யுத்தத்துக்கு ஆள் சேர்த்தபோது, தொழிலாளர் வீட்டு இளைஞர் பலர் துப்பாக்கி தூக்கவும் வலுவற்றவர் என்று கண்டு ஆங்கில ஆளும் வர்க்கம் திடுக்கிட்டது. 1902இல் அந்நாட்டுப் பாடசாலைகளுக்கு வந்த மாதிரிப் பயிற்சித் திட்டம் இராணுவ ட்றில்லையே தழுவியிருந்தது. ஆனால் 1904இல் இதை விசாரித்த குழு பயிற்சியோடு நின்றுவிடவில்லை. பசித்த பிள்ளைக்கு உணவும் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும் என்றது. 1906இல் பாடசாலை உணவுக்கும், 1907இல் மருத்துவப் பரிசோதனைக்கும் அங்கே சட்டங்கள் பிறந்தன. ட்றில் கப்பலேறிக் குடியேற்ற நாடுகளுக்கு விரைந்து வந்தது. அந்தச் சட்டங்கள் அதே கப்பலில் வரவில்லை.

ட்றில் பின்னாளில் விளையாட்டுக்கு இடம்விட்டது. இன்று 'சுகாதாரமும் உடற்கல்வியும்' என்ற பெயரில் அது நம் பிள்ளைகளின் கையில் இருக்கிறது. நூலில் நல்ல செய்திகள் பல உண்டு. சுகம் என்பது நோயின்மை மட்டுமன்று, உடல் உள சமூக நன்னிலை என்று உலக சுகாதார நிறுவனம் 1948 முதல் கூறிவரும் கருத்தை அது மறக்கவில்லை. 'பூரண சுகாதாரம்' என்றே பேசுகிறது. ஆனால் பக்கங்களைப் புரட்டப் புரட்ட அந்தச் சமூகம் மெல்ல ஒதுங்கி, தனியொரு பிள்ளையும் அதன் பழக்கங்களுமே எஞ்சுகின்றன. கை கழுவு, நிமிர்ந்து இரு, நிறையுணவு உண், உன் உடற்திணிவுச் சுட்டியைக் கணித்துக்கொள். இச்சுட்டியின் கதையும் கேட்கத்தக்கது. நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இக்கணக்கை 19ஆம் நூற்றாண்டில் வகுத்தவர் பெல்ஜிய நாட்டுக் கெற்றலே. அவர் வானியலாளர், 'சராசரி மனிதனை' எண்களில் தேடியவர், யாருடைய நோயையும் கணிக்கப் புறப்பட்டவரல்லர். 1972இலேதான் அது இன்றைய பெயரைப் பெற்றது. அட்டவணையின் கீழ்க்கோட்டில் நிற்கும் மாணவியை மெலிந்தவள் என்று அது சொல்லும். அவள் வீட்டு அடுப்பு காலையில் எரிந்ததா என்று அது கேளாது. கேளாதது மாத்திரமன்று, மெலிவு அவளுடைய கவனக்குறைவு என்ற எண்ணத்தையும் ஊட்டிவிடுகிறது. சுகத்தைத் தனிமனிதனின் பொறுப்பாகச் சுருக்கும் இப்போக்கை அமெரிக்க அறிஞர் றொபேட் குறோபோட் 1980இலேயே பெயரிட்டுக் கண்டித்தார்.

எம் வரலாறு வேறு சொல்கிறது. 1934-35இல் இத்தீவை வாட்டிய மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. வன்னிக்கோ அக்காய்ச்சல் புதிய விருந்தாளியன்று. காடு வெட்டிக் குடியேற வந்தவரை அது பலகாலம் துரத்தியது. 1946 முதல் வீடு வீடாக டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். கண்காணிப்புத் தளர்ந்ததும் 1968-69இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் படுக்கையில் வீழ்ந்தனர். மீண்டும் நெடுங்காலம் உழைத்த பின்னரே, 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. எந்த மாணவனும் தன் நற்பழக்கத்தால் மலேரியாவை வென்றதில்லை. மருந்து தெளித்த தொழிலாளியும், இரத்தம் சோதித்த ஊழியரும், அவர்களுக்குச் சம்பளம் கொடுத்த பொதுப் பணமுமே வென்றன. இந்த வெற்றி உடற்கல்விப் பாடத்தின் நடுவில் இருக்க வேண்டாமா?

சுகாதாரம் என்ற சொல்லைப் பிரித்தால் சுகத்துக்கு ஆதாரம் என்று வரும். கண்டாவளையில் ஒருவரை ஒருவர் கண்டால் "சுகமாய் இருக்கிறியளோ?" என்று கேட்பது வழக்கம். விடையில் வயலும் மழையும் பிள்ளைகளின் படிப்பும் வந்துவிடும். உடம்பு கடைசியில்தான் வரும். 1986இல் ஒட்டாவாவில் கூடிய சுகாதார மாநாடு ஆதாரங்களை வரிசைப்படுத்தியபோது சமாதானத்தை முதலில் வைத்தது. குடியிருப்பு, கல்வி, உணவு, வருமானம் என்பன அதன்பின் வந்தன. 2009இல் யுத்தம் ஓய்ந்த பிறகும், கண்ணிவெடி அகற்றும் வரை கால் வைக்க முடியாத நிலங்களைக் கண்ட எமக்கு அந்த வரிசைக்கு உரை தேவையில்லை. 2018 டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து கனகராயன் ஆறு கரைபுரண்டபோது, இப்பகுதிக் குடிமனைகளோடு கிணறுகளும் வெள்ளத்துள் போயின. சோப்பால் கை கழுவும் முறையைப் படமாய்க் காட்டும் பாடம், கழுவும் நீர் எங்கிருந்து வரும் என்பதைப் பிள்ளையிடமே விட்டுவிடுகிறது.

நாம் தமிழ் கற்பிப்பவர்கள். விளையாட்டாசிரியர் இல்லாத நாட்களில் அந்தப் பாடமும் எம் கைக்கு வரும். அப்படியொரு நாளில், 'சுகாதாரத்துக்கு வேண்டியவை ஐந்து தருக' என்ற வினாவுக்கு ஒரு மாணவி முதலாவதாகக் 'கிணறு' என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்பின்படி அதற்குப் புள்ளி இல்லை. நாம் கொடுத்துவிட்டோம்.