சொல்தா தாத்தாவின் பெல்ட் பக்கிள்

முதல் உலகப்போரில் பிரெஞ்சுப் படையில் இருந்த நம் புதுச்சேரி சொல்தா ஒருவரின் பேரன், தாத்தா கொண்டுவந்த ஜெர்மன் பெல்ட் பக்கிளைக் காட்டினார். காந்தம் ஒட்டவில்லை, போலி என்று சொல்லி, பழம்பொருள் வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்டாராம்.

காந்தம் ஒட்டாதது குறையே அல்ல. 1915க்கு முன் பிரஷ்யச் சிப்பாயின் பக்கிள் பித்தளைதான். போரில் பித்தளைக்குத் தட்டுப்பாடு வந்த பிறகுதான் எஃகுத் தகட்டில் அடித்துச் சாம்பல்பச்சை வண்ணம் பூசினார்கள். வியாபாரிக்கு இது தெரியாமலா இருக்கும்?

பார்க்க வேண்டியது நடுவில் உள்ள வட்ட வில்லையை. கிரீடமும், கடவுள் நம்மோடு எனப் பொருள்படும் 'கோட் மிட் உன்ஸ்' என்ற வாசகமும் அதில் இருக்கும். பித்தளைப் பக்கிளில் அதை வெள்ளை உலோகத்தில் தனியாகச் செய்து பற்றவைத்திருப்பார்கள். ஒரே வார்ப்பில் வந்த நகலில் அந்த இணைப்பு இருக்காது, எழுத்தும் மழுங்கியிருக்கும். கிரீடத்துக்குப் பதில் ஸ்வஸ்திகாவைப் பிடித்த கழுகு இருந்தால் அது ஹிட்லர் காலத்தது. முதல் போர் முடிந்து ஊர் திரும்பியவர் கையில் அது வந்திருக்க முடியாது.

பேரன் காட்டியதில் கிரீடமும் பற்றவைத்த கோடும் தெளிவாகவே இருந்தன. விற்காதீர்கள் என்றேன். ஆனால் வெர்தேனில் எடுத்தது என்ற குடும்பக் கதைக்குப் பக்கிள் சாட்சி சொல்லாது. தாத்தாவின் லிவ்ரே மிலித்தேர் பழைய பெட்டியில் இருக்கிறதா என்று தேடச் சொல்லியிருக்கிறேன்.