எந்த நூலை இழுப்பது?

எங்கள் வீட்டில் அரிசி மூட்டை வந்து இறங்கினால், தையலைப் பிரிக்கும் வேலை அம்மாவினுடையது. நான் பிரிக்கப் போனால் சணலில் முடிச்சு விழுந்துவிடும். அம்மா இரண்டு நூல்களையும் ஒரு கணம் பார்ப்பாள்; ஒன்றைப் பிடித்து இழுப்பாள். சரசரவென்று மூட்டையின் வாய் முழுவதும் திறந்துகொள்ளும்.

இரண்டாம் உலக யுத்தத்தின் சரித்திரத்தைப் படிக்கும்போது எனக்கு அந்த மூட்டைதான் ஞாபகம் வருகிறது. ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான தொழிற்சாலைகள். எல்லாவற்றின் மீதும் குண்டு போட யாரால் முடியும்? எந்தச் சிலவற்றை அழித்தால் மற்றவை தாமாகவே நின்றுபோகும்? அமெரிக்க விமானப் படையினர் போட்ட கணக்கு இதுதான்.

முதலில் அவர்கள் பிடித்த நூல் பால் பேரிங். சுழலுகிற யந்திரங்களுக்கு அதுதான் உயிர். ஜெர்மனியின் தேவையில் ஏறக்குறையப் பாதி, ஷ்வைன்ஃபுர்ட் என்ற ஒரே சிறு நகரத்தில் உற்பத்தியாயிற்று. 1943 ஆகஸ்ட் 17ஆம் தேதி அதையும் ரேகன்ஸ்பர்க்கையும் சேர்த்துத் தாக்கினார்கள். 60 விமானங்கள் வீழ்ந்தன. அக்டோபர் 14ஆம் தேதி மறுபடியும் ஷ்வைன்ஃபுர்ட், மறுபடியும் 60. விமானத்துக்குப் பத்துப் பேர்! அதற்குப் பிறகு நாலு மாதம் அந்தப் பக்கம் வர அவர்களுக்குத் தெம்பில்லை. அதற்குள் ஜெர்மானியர் கையிருப்பைக் கொண்டு சமாளித்தார்கள். ஸ்வீடனிலிருந்து சரக்கு வாங்கினார்கள். யந்திரங்களைப் பல ஊர்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். டாங்கிகள் நிற்கவில்லை. முடிச்சுத்தான் இறுகிற்று.

1944 மே 12ஆம் தேதி வேறு நூலைப் பிடித்தார்கள். நிலக்கரியிலிருந்து பெட்ரோல் செய்யும் லாய்னா முதலிய ஆலைகள் தாக்கப்பட்டன. அவற்றைப் பெயர்த்து வேறிடம் கொண்டுபோவது எளிதல்ல. பெட்ரோலுக்கு மாற்றும் இல்லை. ஏப்ரலில் 1,75,000 டன்னாக இருந்த விமானப் பெட்ரோல், செப்டம்பரில் 5,000 டன்னாயிற்று. பெட்ரோல் இல்லாததால் புதிய விமானிகளுக்குப் பயிற்சி குறைந்தது. பயிற்சி குறைந்தவர்கள் வானத்தில் ஏறியதும் வீழ்ந்தார்கள். நைட்ரஜனும் அதே ஆலைகளிலிருந்துதான் வந்தது; ஆகவே வெடிமருந்தும் குறைந்தது. ஒன்று போக, அதைப் பற்றி நின்றது போயிற்று; அதைப் பற்றி நின்ற இன்னொன்றும் போயிற்று. தொழில்நுட்ப யுத்தம் அந்த மே மாதத் தினத்திலேயே முடிவாகிவிட்டது என்று ஆயுத மந்திரி ஆல்பெர்ட் ஸ்பீர் பிற்பாடு எழுதினார்.

சரியான நூல் கிடைத்தது, சந்தோஷந்தான். ஆனால் தவறான நூலோடு போனவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கீழே அந்த ஆலைகளில், பிற நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்ட தொழிலாளிகளும் நின்றிருந்தார்களே, அவர்களை?

அம்மா தவறாக இழுத்திருந்தால் ஒரு சாண் சணல்தான் வீணாகியிருக்கும்.