கம்பியில் வந்த ஒலியும் பக்கத்து வீட்டுச் சுவரும்



சென்ற ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் என் நெடுநாள் ஆசையொன்று நிறைவேறியது. கம்போங் மேடானில் உள்ள எங்கள் வரிசை வீட்டின் முன்னறையில் ஐந்து ஒலிபெருக்கிகளும் ஒரு சப்வூஃபரும் கொண்ட வீட்டுத் திரையரங்கை அமைத்தேன். அந்த முயற்சி எனக்குக் கற்பித்த வரலாற்றுப் பாடத்தையே இங்கு எழுதுகிறேன்.

கம்பி வழியாக வீட்டுக்குள் ஒலி வருவது நம் மண்ணுக்குப் புதிதன்று. 1949இல் சிங்கப்பூரில் தொடங்கிய ரீடிஃபியூஷன் கம்பி வானொலி, கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இயங்கியது. நிலையத்திலிருந்து இழுக்கப்பட்ட கம்பி, வீட்டுச் சுவரில் மாட்டிய சிறு பெட்டிக்கு ஒலியைக் கொண்டுவந்தது. கதை சொல்லும் நேரத்தில் அக்கம்பக்கத்தார் அந்தப் பெட்டியைச் சுற்றிக் கூடினர். அக்கம்பி பொன்னோ வெள்ளியோ அன்று. எனினும் அது மக்களைக் கூட்டியது.

பின்னாளிலும் நிலைமை அப்படித்தான் இருந்தது. 1970களின் நடுப்பகுதி வரை ஒலிபெருக்கிக்குச் சாதாரண விளக்குக் கம்பியே போதுமென்று கருதினர். அமெரிக்காவில் நோயல் லீ என்பவர் அப்பத்தாண்டின் இறுதியில் மான்ஸ்டர் கேபிள் நிறுவனத்தைத் தொடங்கிய பிறகே கம்பி என்பது தனி வணிகப் பொருளாயிற்று.

அந்த வணிகத்தில் நானும் சிக்கினேன். சம்பளத்தில் கால் பங்கைக் கொடுத்துப் பாம்பு போல் தடித்த கம்பி வாங்கினேன். வீட்டுக்கு வந்தபின்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை 10 மீட்டர் தொலைவுக்கு இழுத்தால், போய்வரும் 20 மீட்டருக்கு மின்தடை ஏறத்தாழ 0.23 ஓம். 8 ஓம் ஒலிபெருக்கிக்கு இது மூன்று விழுக்காட்டிற்கும் குறைவு. இந்தத் தொலைவுக்கு நல்ல செம்பும் இறுக்கமான முனை இணைப்பும் போதும். ஜாலான் பசார் மின்பொருள் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் கம்பியே என் வேலையை முடித்திருக்கும்! கணக்குப் பாடம் நடத்தும் ஆசிரியன் கடையில் கணக்கை மறந்தால் யாரைக் குறை சொல்வது?

கம்பியில் பணம் போயிற்று. சப்வூஃபரை வைத்த இடத்தாலோ பக்கத்து வீட்டாரின் அமைதியே போயிற்று.

நிலத்தை அதிரவைக்கும் தாழ்சுருதி ஒலியைத் திரையரங்கில் பெரிதாகக் காட்டிய படம் 1974இல் வந்த 'எர்த்குவேக்'. 'சென்சரவுண்ட்' என்ற அந்த ஏற்பாட்டின் அதிர்வு, அடுத்த அரங்கில் வேறு படம் பார்த்தவர்களையும் தொல்லைப்படுத்தியது. 1992இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' டால்பி டிஜிட்டல் ஒலியுடன் வந்தது. தமிழில் 1995இல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியுடனும், 1996இல் 'கருப்பு ரோஜா' டிடிஎஸ் ஒலியுடனும் வெளிவந்தன. அதே 1996இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டிவிடி அந்த அதிர்வை மெல்ல மெல்ல வீட்டுக்குள் கொண்டுவந்தது. அடுத்த அரங்கில் இருந்த தொல்லையும் கூடவே வந்துவிட்டது.

நான் சப்வூஃபரை மூலையில், பக்கத்து வீட்டோடு பொதுவாக உள்ள சுவரை ஒட்டி வைத்திருந்தேன். மூன்றாம் இரவு, அவ்வீட்டு மலாய் அம்மையார் வாசலில் நின்றார். கோபமில்லை, தயக்கந்தான். "சிகு, என் கணவர் இரவு வேலை முடிந்து வந்து உறங்குகிறார். அலமாரியில் பாத்திரங்கள் தாமாகவே பேசுகின்றன" என்றார். எனக்கு நா எழவில்லை.

காரணம் எளிய அறிவியலே. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். அத்தகைய ஒலிக்கு ஒற்றைச் செங்கல் சுவர் பெருந்தடையன்று. மேலும், 6 மீட்டர் நீள அறை 29 ஹெர்ட்ஸ் அளவில் தானே ஒத்ததிரும். மூலையில் வைத்தால் அறையின் எல்லா ஒத்ததிர்வுகளும் எழும். சில இடங்களில் ஒலி முழங்கும், சில இடங்களில் மங்கும். என் நாற்காலி மங்கிய இடத்தில் இருந்தது. ஆதலால் நான் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனேன். அது அடுத்த வீட்டில் முழங்கியது!

இதற்கு அனுபவசாலிகள் ஒரு வழி சொல்வர். சப்வூஃபரை நாம் அமரும் நாற்காலியில் வைத்து, தாழ்சுருதி மிகுந்த பாடலை ஒலிக்கவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேட்க வேண்டும். எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே அதை வைக்க வேண்டும். நான் தவழ்ந்ததைக் கண்டு பிள்ளைகள் சிரித்தனர். பொதுச் சுவரை விட்டு விலகி, முன்சுவரின் நடுப்பகுதிக்கு அருகே இடம் அமைந்தது. அடியில் தடித்த ரப்பர்த் துண்டுகள் வைத்தேன். முன்பைவிடக் குறைந்த அளவிலேயே இப்போது நிறைவாகக் கேட்கிறது. அதிர்வு முற்றிலும் நின்றுவிடவில்லை. ஆகவே இரவு பத்து மணிக்குமேல் சப்வூஃபரை அணைத்துவிடுகிறேன்.

2001 மார்ச்சில் இதே கம்போங் மேடானில் இனக்கலவரம் மூண்டு 6 பேர் மாண்டபோது நான் ஆசிரியர் பயிற்சி மாணவன். வீட்டிலிருந்து வந்த ஒவ்வொரு தொலைபேசி அழைப்பையும் அச்சத்தோடு எடுத்தேன். அண்டை வீட்டாரோடு நல்லுறவு என்பது இவ்வூரில் வெறும் பாடநூல் சொல்லன்று.

அன்று வந்து சொன்ன அந்த அம்மையாருக்கு நான் கடன்பட்டவன். சொல்லாமல் மனத்தில் வைத்திருந்தால் என்னவாகியிருக்கும்? கம்பி வானொலிப் பெட்டி அண்டை வீட்டாரை நம் வீட்டுக்கு அழைத்தது. நம் புதிய பெட்டி அவர்களை விரட்டாமலாவது இருக்கட்டும்.